நான் கப்பலேறாமல் நின்ற காரணம்

பாக்கியம்,

இந்தக் கடிதத்தை உரக்க வாசிக்காதே. இத்தனை காலமும் நான் எழுதியதெல்லாம் உன் அம்மாவுக்கு எழுதியவை. அவளுக்கு எழுத்துத் தெரியாததால் முதலில் உன் மாமா வாசித்தார். பிறகு நீ எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினாய். உன் வாய் வழியாகத்தான் போகும் என்று தெரிந்த பிறகு நான் எதையும் மனம்விட்டு எழுதியதில்லை. சுகம், மழை, தோட்டத்தில் யார் வீட்டில் என்ன விசேஷம், அவ்வளவுதான். இது ஒன்று மட்டும் உனக்கு. கொல்லைப்பக்கம் எடுத்துப் போய்த் தனியாக இருந்து வாசி. வாசித்த பிறகு அம்மாவிடம் சொல்லத் தோன்றினால் சொல். தோன்றாவிட்டால் உன்னோடு இருக்கட்டும்.

உன் கல்யாணப் பத்திரிகை போன வாரம் வந்தது. அச்சில் என் பெயரைப் பார்த்தேன். பெயருக்கு முன்னால் 'மலாக்கா' என்று சேர்த்திருக்கிறார் மாமா. உங்கள் ஊரில் அது ஒரு பட்டம் மாதிரி தெரியும் போலிருக்கிறது. இங்கே சிம்பாங் அம்பாட்டுப் பக்கம் என் பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களிலும் கடைத்தெருவிலும் நான் வாத்தியார், அவ்வளவுதான். பத்திரிகையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் காட்டவில்லை. காட்டினால், எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நாட்களைக் கடத்திவிட்டேன்.

உன் கல்யாணத்துக்கு நான் வர முடியாது. அதைச் சொல்வதற்கு இரண்டு வரி போதும். ஆனால் நீ சிறு பிள்ளையாகக் கப்பலேறியபோது நான் ஏன் உங்களோடு ஏறவில்லை என்பதை உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மா சொல்லியிருந்தால் அவள் பக்கத்து நியாயத்தைச் சொல்லியிருப்பாள். அது நியாயம்தான், நான் மறுக்கப்போவதில்லை. புகுந்த வீட்டில் யாராவது, "உங்க அப்பா ஏன் இங்க இல்ல?" என்று கேட்பார்கள். அப்போது நீ தலை குனியாமல் இருக்கவாவது இது உனக்குத் தெரிய வேண்டும்.

நீ பிறந்த காலத்தில் நான் வாத்தியார் இல்லை, புல்வெட்டும் ஆளாக இருந்தேன். ஊரில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததை இங்கே யாரிடமும் சொன்னதில்லை. மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு அது எதற்கு? அப்போதுதான் பள்ளி வயதுப் பிள்ளைகள் போதுமான அளவு இருக்கும் தோட்டங்களில் பள்ளிக்கூடம் இருந்தே ஆக வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டது. எங்கள் பெரிய துரை அதை எதிர்க்கவுமில்லை, விரும்பவுமில்லை. மழைக்கு ஒழுகாத ஒரு கொட்டகை இருந்தால் போதும் என்று, ரப்பர் தகடுகளைப் புகை போடும் கட்டடத்துக்குப் பக்கத்தில் பழைய அரிசிக் கிடங்கைக் காலி செய்து கொடுத்தார். பிள்ளைகளின் சிலேட்டுகூடப் புகைநாற்றம் அடிக்கும். வாத்தியாருக்கு எங்கே போவது என்று தேடியபோது, ஒருநாள் கடிதம் ஒன்றை நான் வாசித்துக் காட்டியது ஆபீசில் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணிக்கு நினைவு வந்தது. கூப்பிட்டார். காலையில் அவருக்கு வேலையாட்களின் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு பள்ளிக்கூடம். மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று உன் அம்மா என் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்து, "இனிமே இது மெதுவாயிடும்லா," என்றாள். அவள் அப்படிச் சந்தோஷமாகச் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துச் செலவில் ஒரு பங்கைச் சர்க்கார் மானியமாகத் தரும். மானியம் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. பிள்ளை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து தலைகளை எண்ணி, வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போவார். "ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா மானியத்துக்கும் காய்ச்சல்," என்பார் கிராணி. ஆகவே தினமும் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் லயத்து வாசல் வாசலாகப் போய் நானே பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு வருவேன். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கோழிக்குத் தீனி வைக்க வேண்டும், அம்மா வெளிக்காட்டில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறாள், இப்படி ஒவ்வொரு வாசலிலும் ஒரு காரணம் இருக்கும். நீ என் தோளில் உட்கார்ந்து வருவாய். நான் பெயரைச் சொன்னதும் நீயும் அதே பெயரை என்னைவிடச் சத்தமாகக் கூப்பிடுவாய். உன் குரலுக்குப் பயந்தே சிலர் வந்தார்கள். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. விழுந்தது என்று எல்லாரும் சொன்னபோது எனக்கு அது எங்கோ சீமையில் நடக்கும் விஷயமாகப்பட்டது. பாதிக் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தினார்கள். கூலி குறைந்தது. அதன் பின் வேலையில்லாதவர்களைச் சர்க்கார் செலவில் ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வாரா வாரம் லாரி வந்து நிற்கும். பாத்திரம், பாய், பெட்டி, பிள்ளை எல்லாம் ஏறும். ஒவ்வொரு லாரியும் என் பெஞ்சிலிருந்து இரண்டு மூன்று பேரைக் கொண்டுபோகும். முந்தின நாள் வரை வாய்ப்பாடு சொன்னவன் லாரியின் மேலிருந்து எனக்குக் கும்பிடு போடுவான். நானும் கும்பிடுவேன். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினால் மிச்சமிருப்பவர்கள் தாங்களாகவே நகர்ந்து நகர்ந்து முன்பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். காலி இடத்தைப் பார்க்க அவர்களுக்கும் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரஸ்ஸரையும் நிறுத்தினார்கள். நான்கைந்து தோட்டங்களுக்குச் சேர்த்து ஒரு டிரஸ்ஸர் என்றார்கள். அவர் எந்த நாளில் எந்தத் தோட்டத்தில் இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. உனக்கு ஒரு தம்பி இருந்தான், பாக்கியம். உனக்கு அவன் முகம் ஞாபகம் இருக்க நியாயமில்லை, நடக்கக்கூடத் தொடங்கவில்லை. குளிர்காய்ச்சல் வந்தது. நான் டிரஸ்ஸரைத் தேடி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு நடந்து, கடைசியில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் பெண்கள் நின்றார்கள். அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது. டிரஸ்ஸர் நல்ல மனிதர். பெட்டியைத் திறக்காமலேயே திண்டாடிக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு உன் அம்மா, உனக்கு உடம்பு சுட்டால் இரண்டு கைகளாலும் உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவளே ஆபீசுக்குப் போய் நம் பெயர்களைக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். மூன்று பேரின் பெயரும். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நானும் போகத்தான் நினைத்தேன், அதை நீ நம்ப வேண்டும். சாமான்களைக் கட்டியது நான்தான்.

புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் வெள்ளையம்மா வந்தாள். கங்காணியின் மனைவி, பெருத்த உடம்பு, நீ அவளை 'குண்டு அத்தை' என்பாய். அவளோடு லயத்துப் பெண்கள் நாலைந்து பேர். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை, வாசலிலேயே நின்றார்கள்.

"வாத்தியாரே, நீங்க போனா அடுத்த வாத்தியார் எப்ப வருவாரு?" என்று கேட்டாள்.

"அது துரைக்குத்தான் தெரியும் அக்கா," என்றேன்.

"தொரைகிட்ட கேட்டுட்டுத்தான் வர்றோம். இனிமே வாத்தியாருக்கு ஆள் எடுக்கப் போறதில்லையாம். கவுர்மெண்டு மானியத்தக் கொறச்சிடுச்சாம். நீங்க போற அன்னைக்கே கொட்டாயப் பூட்டிருவாராம்."

"பூட்டுனாலும் பரவால்ல," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "பிள்ளைங்கள புல்லுப் புடுங்க அனுப்பச் சொல்லிட்டாரு. பெரியவங்களுக்கே வேல இல்லாத காலத்துல பிள்ளைங்களுக்கு வேலயாம். கூலி கொறவு பாருங்க."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. எல்லாரும் போகும்போது இவர்கள் மட்டும் ஏன் இங்கே இருந்துகொண்டு என்னைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று தோன்றியது. "நீங்களும் பெயர் கொடுக்கலாமே, கப்பல் எல்லாருக்கும்தானே," என்றேன்.

வெள்ளையம்மா பின்னால் நின்றவளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நாங்க ரெண்டு பேரும் சாதி மாறிக் கட்டிக்கிட்டு ஓடி வந்தவங்க வாத்தியாரே. அந்த ஊர்ல கால வச்சா வெட்டிப் போட்டுருவாங்க. இந்தா நிக்கிறாளே, இவளுக்கு ஊரு எதுன்னே தெரியாது. கப்பல்ல வந்த கூலியாளுங்கள அடச்சு வச்ச டிப்போவுல பொறந்தவ. போக எடம் இருக்கறவங்க எல்லாம் போயிட்டாங்க. மிச்சம் இருக்கறது நாங்கதான்."

அவர்கள் போன பிறகும் நான் வாசலிலேயே நின்றேன். உன் அம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது ஒன்றாகக் கட்டியிருந்த துணிமூட்டையைப் பிரித்து என் வேட்டிகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, பாக்கியம். "இருங்க," என்றாள். "ஊரார் பிள்ளைக்குப் பாடம் சொல்ல நீங்க இருக்கணும். எம் பிள்ளையக் காப்பாத்த நான் போகணும். ரெண்டும் நியாயந்தான். ஆனா ரெண்டு நியாயமும் ஒரே வீட்டுல இருக்காது." இன்ஸ்பெக்டர் வந்துபோனதும் நான் அடுத்த கப்பலில் வந்துவிடுவேன் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பி ஆட்டினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தம்பின் என்ற ஊரின் ரயிலடி வரை உங்களோடு லாரியில் வந்தேன். அங்கிருந்து ரயிலில் பினாங்கு, பிறகு கப்பல். நீ புதுப் பாவாடை கட்டியிருந்தாய். ரயில் பார்த்த சந்தோஷத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருந்தாய். ஏற்றிவிடும்போதுதான் உனக்குத் தோன்றியது. "அப்பாவுக்கு டிக்கெட் இல்லையா?" என்று கேட்டாய். அம்மா, "அப்பா பள்ளிக்கூடம் விட்டதும் வருவாரு," என்றாள். நீ அதைக் கேட்டுச் சமாதானமாகிவிட்டாய். பள்ளிக்கூடம் தினம் சாயங்காலம் விடும் என்பது உனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் நான் வருவேன் என்று நினைத்திருப்பாய். ரயில் போன பிறகு நான் திரும்பி வந்த வழி முழுக்க அது ஒன்றையேதான் நினைத்தேன். எந்த நேரத்தில் நீ வெளியே எட்டிப் பார்த்திருப்பாய், எந்த நேரத்தில் கேட்பதை நிறுத்தியிருப்பாய் என்று.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெஞ்சுகூட நிறையவில்லை. இந்தத் தலைகளுக்கு இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்தை வைக்க விடமாட்டார். அப்போதுதான் சிம்பாங் அம்பாட்டுக்குப் போகும் வழியில், சாலையோரக் காய்கறித் தோட்டங்களுக்குப் பின்னால் இருந்த குடிசைகள் என் கண்ணில் பட்டன. வேறு தோட்டங்களிலிருந்து நிறுத்தப்பட்டு, கப்பலும் ஏறாமல், சீனத் தோட்டக்காரர்களிடம் மண் கொத்தியும் தண்ணீர் தூக்கியும் பிழைத்துக்கொண்டிருந்த நம் ஆட்கள். எந்தத் தோட்டத்துக்கும் அவர்கள் ஆளில்லை. அதனால் அவர்கள் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. ஒரு குடிசை வாசலில் உன் வயதுப் பெண் ஒருத்தி கீரைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலை என்று பெயர். அவள் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்து, "தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தானேங்க பள்ளிக்கூடம். எங்களுக்கு ஏது?" என்றார். "இருக்கு," என்றேன். எனக்கே நிச்சயமில்லாமல்தான் சொன்னேன்.

வந்தார்கள். ஆனால் வெறும் வயிற்றோடு வந்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு பேர் தலை சாய்ந்துவிடுவார்கள். கடைத்தெருவில் மளிகை வைத்திருந்த ராவுத்தரிடம் போய் நின்றேன். அவருக்கும் வியாபாரம் படுத்துத்தான் கிடந்தது. "வாத்தியாரே, நல்ல அரிசி கேக்காதீங்க. மூட்டை உதறுனா குருணை விழும், அதை அன்னன்னைக்கு அள்ளிக்கிட்டுப் போங்க," என்றார். கொட்டகைக்குப் பின்னால் வெள்ளையம்மா கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சினாள். முதலில் குடிசைப் பிள்ளைகள் மட்டும் குடித்தார்கள். பிறகு லயத்துப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். அவர்களும் பசியோடுதான் வந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பெரிய துரை ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார். நம்மிடம் பேசிப் பேசிப் பழகிய தமிழ் அவருடையது. "யார் பிள்ளைங்க இது? இது சத்திரமா?" என்றார். இன்ஸ்பெக்டர் வரும்வரை பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். என்ன நினைத்தாரோ, சரி என்று போனார். இன்ஸ்பெக்டர் வந்த அன்று அவரும் கூடவே வந்து, இந்தப் பிள்ளைகளில் பாதி என் தோட்டத்துப் பிள்ளைகள் இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர், ஆனால் புத்தகத் தமிழ் சுத்தமாகப் பேசுவார். "சட்டம் என்னைத் தலைகளை எண்ணச் சொல்கிறது. அந்தத் தலை எந்தத் தோட்டத்தில் முளைத்தது என்று விசாரிக்கச் சொல்லவில்லை," என்றார். பிறகு குடிசைப் பிள்ளைகளின் பக்கம் திரும்பி, அஞ்சலையை எழுந்து அவள் பெயரை எழுதச் சொன்னார். அவள் வந்தே சில வாரங்கள்தான். எழுந்து நின்று அவரை நேராகப் பார்த்து, "எனக்கு இன்னும் 'ஞ' வரலங்க. அது எம் பேருக்கு நடுவுல இருக்கு. அது வந்ததும் எழுதுறேன்," என்றாள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "நல்லது. அடுத்த முறை வரும்போது எழுதிக் காட்டு," என்றார். அடுத்த முறை என்று அவர் சொன்னதில்தான் பள்ளிக்கூடம் பிழைத்தது என்று எனக்குப் புரிந்தது. மானியம் குறைத்துத்தான் வந்தது, என் சம்பளமும் குறைந்தது. ஆனால் கொட்டகையைப் பூட்டவில்லை.

போகும்போது அவர் கஞ்சிப் பானையைப் பார்த்து, இது யார் செலவு என்று கேட்டார். சொன்னேன். இதற்குச் சர்க்காரில் இடமில்லை, ஆனால் மருந்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார். பல மாதம் கழித்து மலாக்காவிலிருந்து மருந்து வண்டி ஒன்று வந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று குளிர்காய்ச்சலுக்கான குனைன் மருந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார்கள். அவர்களை வரிசையில் நிறுத்தி வைத்தது நான். மருந்து கொடுத்து முடிந்ததும் ஆற்றங்கரைப் பக்கம் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கப்பலில் வருகிறேன் என்றேனே, ஏன் வரவில்லை என்று கேட்பாய். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு காரணம் இருந்தது. வேறு வாத்தியார் கிடைக்கவில்லை. பயிற்சி இல்லாத வாத்தியார்கள் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்றார்கள். சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் மலாக்கா போய்ப் பள்ளிப் பிள்ளை மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். ரப்பர் விலை மறுபடி ஏறிப் புது ஆட்கள் வந்து லயம் நிறைந்ததும், நீங்கள் வாருங்கள் என்று எழுதினேன். மாமா கையால் அம்மாவின் பதில் வந்தது. 'இங்கே பிள்ளைக்குக் காய்ச்சல் வரவில்லை. அண்ணன் வீட்டில் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறோம். மறுபடி அந்த லயத்தில் வந்து என்னால் படுக்க முடியாது. நீங்கள் வந்தால் வாருங்கள்.' உன் தம்பியைப் பற்றி அவள் எழுதவில்லை. எழுதாததைத்தான் நான் வாசித்தேன். கோபப்பட முடியவில்லை. காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் வருடங்கள் போகப் போக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வந்து நிற்கும்போது நீ அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டால் நான் என்ன செய்வேன் என்று பயந்தேன்.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று நீ கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அம்மா எதிரில் என்ன எழுதியிருப்பேன்? பள்ளிக்கூடம் விடும்வரை ஒன்றும் தெரியாது. பிள்ளைகளின் சத்தம் லயத்துப் பக்கம் தேய்ந்துபோன பிறகுதான் கொட்டகை பெரிதாகத் தெரியும். பெஞ்சுகளை நானே நேராக்குவேன், கூட்டுவேன், மறுபடி நேராக்குவேன். வாத்தியார் வீடு என்று தோட்டத்தில் தனியாக ஒன்று கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல வீடு. மரியாதைக்காக லயத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். அந்தத் தள்ளல்தான் கஷ்டம். லயத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவதாவது காதில் விழும். தீபாவளிக்கு எல்லா வீட்டிலிருந்தும் பலகாரம் வரும். வாத்தியாருக்கென்று நெய் கூடுதலாக விட்டுச் செய்திருப்பார்கள். ஆனால் யாரும் உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிடுவதில்லை. வாத்தியார் எதிரில் சாப்பிடக் கூச்சம் அவர்களுக்கு.

உன் நிச்சயதார்த்தச் சேதி வந்த அன்றே லீவு கேட்டு எழுதினேன். பதில் வராததால் மலாக்காவுக்கே போனேன். ஆற்றுக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டடத்தில் சர்க்கார் ஆபீஸ். வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர், வயதானவர். "பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு ஆசிரியர் போக ஏலாது. பதில் ஆள் ஆர்?" என்று கேட்டார். அஞ்சலையின் பெயரைச் சொன்னேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற வகுப்பெல்லாம் முடித்துவிட்டு, அதற்கு மேலும் என்னிடம் படித்தவள். இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். "பெண்பிள்ளையோ?" என்றார். "பெண் ஆசிரியர் இருந்தால் பெண்பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்று உங்கள் ஆபீசில் இருந்துதானே எழுதுகிறார்கள்," என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அது எழுதுறதுதான். செய்யிறதுக்கு இன்ஸ்பெக்டர் வந்து அந்தப் பிள்ளையைப் பார்க்க வேணும். அவர் சீமைக்குப் போயிருக்கிறார். அவருடைய இடத்துக்கு வாறவர் அடுத்த மாதந்தான் வருவார்," என்றார். "என் மகளுக்குக் கல்யாணம் ஐயா," என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று. "எனக்கு விளங்குது மாஸ்டர். என்னுடைய கையில் இல்லை," என்றார். வெளியே வரும்போது அவரே வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

புதியவர் வந்தார், அஞ்சலையைப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். அவளுக்கு உதவி ஆசிரியை வேலையே கிடைக்கும் போலிருக்கிறது. என் லீவு உத்தரவும் நேற்று வந்தது. ஆனால் உன் முகூர்த்தத்துக்கு முன் நாகப்பட்டினம் போய்ச் சேரும் கப்பல் போன வாரமே பினாங்கைவிட்டுப் போய்விட்டது. இந்தக் கடிதம் ஆகாயத் தபாலில் போவதால் முகூர்த்தத்துக்கு முன் உன் கைக்கு வந்துவிடும்.

ஆகவே உனக்குத் தாலி ஏறும் நேரத்தில் நான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க மாமா இருக்கிறார். அவர் கால்களில் நீ விழும்போது முழு மனசோடு விழு. எனக்கு என்று அதில் ஒன்றும் மிச்சம் வைக்காதே, உன்னை வளர்த்தவர் அவர்தான். புகுந்த வீட்டில் எல்லாருக்கும் நல்லவளாக இருக்க வேண்டும் என்று உனக்கு ஆயிரம் பேர் சொல்வார்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை. யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பும்போது, அதற்கான விலையை உன் வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார். பார்த்துவிட்டுச் செய், செய்யாமல் இரு என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளை வேலைக்காக எங்காவது தனியாகப் போக வேண்டும் என்றால், எத்தனை நாள் என்று கேள். பதில் சரியாக வராவிட்டால் நீயும் கூடப் போ. ஓட்டைக் கூரையானாலும் பரவாயில்லை. காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கையில் வைத்துக்கொள்.

உனக்கு எழுத்து வந்தது எப்படி என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. மாமா சொல்லிக் கொடுத்தாரா, அங்கே பள்ளிக்கூடம் இருந்ததா? இங்கே இத்தனை பிள்ளைகளுக்கு 'அ' போட்டுக் கொடுத்த கை இது. உனக்கு யார் போட்டுக் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். நேரில் பார்க்கும்போது நீயே சொல்.

ஏனென்றால் நான் வருகிறேன். உத்தரவை மடித்து வைத்துவிட்டு நேற்று முழுக்க யோசித்தேன். கல்யாணம் முடிந்த பிறகு எதற்கு என்று ஒரு மனசு சொன்னது. அஞ்சலைதான், "போயிட்டு வாங்க சார், இங்க நான் பாத்துக்கிறேன்லா," என்றாள். இந்தப் பெண் பல் விழுந்து முளைத்ததிலிருந்து, சடை போட்டு, தாவணி கட்டி, இன்று பிரம்பில்லாமலேயே வகுப்பை அடக்குவதுவரை எல்லாம் நான் பார்த்தேன். அடுத்த கப்பலுக்கு இடம் சொல்லியாயிற்று. முதலில் மாமா வீட்டுக்குப் போய் உன் அம்மாவைப் பார்ப்பேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். பிறகு அவள் கூட வந்தால் அவளோடும், வராவிட்டால் தனியாகவும் உன் புகுந்த வீட்டுக்கு வருவேன்.

ஒரு விஷயம் மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் படம் ஒன்று அனுப்பச் சொல்லி மாமாவுக்கு எழுதியிருந்தேன், வரவில்லை. வாசலில் நான் வந்து நிற்கும்போது நாலு பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதில் நீ யார் என்று எனக்குத் தெரியாது. உன் நாத்தனாரைப் பார்த்து மகளே என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் என்னைப் பார்த்ததும் நீ பேசாமல் நிற்காதே, பாக்கியம். நீ முதலில் கூப்பிடு.

உன் அப்பா